கொல்லைப்புறத்தையும் பார்



தம்பி, அமெரிக்காவின் சவானாவில் கட்டடப் பாதுகாப்பு படிக்க உனக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. போன சூட்டோடு ஓவன்ஸ்-தாமஸ் வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவாய், உன்னைத் தெரியாதா!

முன்வீடு உன்னை மயக்கும். வில்லியம் ஜே என்ற ஆங்கிலேய இளைஞர் வரைந்து, 1819-இல் கட்டி முடித்த வீடு. சிப்பி ஓடும் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த ‘டாபி’ கலவைச் சுவர்கள், மாடியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் பாலம், மழைநீரைத் தொட்டிகளில் தேக்கிக் குழாய்வழி குளியலறைக்கு விட்ட ஏற்பாடு. 1825-இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் தங்கிய வீடு என்று கூட்டம் பால்கனியை அண்ணாந்து பார்க்கும். நீ அந்தக் குழாய்களைப் பார்.

அப்புறம் கொல்லைப்புறம் போ. அங்கே வண்டிக்கொட்டகையோடு சேர்ந்த கட்டடத்தில்தான் அடிமைகளைக் குடிவைத்திருந்தார்கள். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் அவுரி, சுண்ணாம்பு, மோர் கலந்து பூசிய நீலம் தெரியும். கெட்ட ஆவி அண்டாது என்ற நம்பிக்கையில் பூசியது. அதன்மேல் புதுப்பூச்சு ஏற்றாமல் விட்டார்களே, அந்த நிதானம்தான் நம் தொழிலில் கஷ்டமானது. கை பரபரக்கும்.

வீட்டைக் கட்டுவித்த ரிச்சர்ட் ரிச்சர்ட்சன் வங்கியாளர். அடிமை வியாபாரத்திலும் இருந்தவர். 1951-இல் உயில்வழி டெல்ஃபேர் அருங்காட்சியகத்துக்கு வந்த வீடு, 1954-இல் மக்களுக்குத் திறந்தது. அதன் பெயரோடு ‘அடிமைக் குடியிருப்பு’ சேர அறுபது வருஷத்துக்கும் மேல் பிடித்தது. சுவரைச் செப்பனிடுவது சீக்கிரம் முடிகிற வேலை.

ஒரு வாரக்கடைசியில் சார்ல்ஸ்டனுக்கும் போய் வா. ஒரே அறக்கட்டளையின் கையில் இரண்டு வீடுகள். 1808-இல் முடிந்த நதானியேல் ரசல் வீட்டைப் பழைய பொலிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1995-இல் வாங்கிய எய்க்கன்-ரெட் வீட்டில் உரிந்த சுவர்த்தாளைக்கூட உரிந்தபடியே வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதற்காகக் கூரை ஒழுகினாலும் தொடக்கூடாது என்று வாதாட வராதே. ஒழுக்கை அடைக்காதவன் கட்டடத்தைக் கொல்கிறான்.

எந்த வீட்டிலும் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேள்: இந்த அறையை எந்த வருஷத்துக்குத் திருப்பியிருக்கிறீர்கள்? அதற்காக எதை இடித்தீர்கள்? பதிலை அங்கேயே குறித்துக்கொள். படம் எடுப்பதைக் குறை. கையால் வரைந்ததை எனக்கு அனுப்பு.