வளிதூய்தாக்கியும் யாம் கற்ற பாடமும்

காற்று மாசு மிகுந்தமையால் 2022 டிசெம்பர் 9 ஆந் திகதி இலங்கைப் பாடசாலைகளுக்கு விடுமுறை வழங்கப்பட்டதை அன்பர்கள் மறந்திரார். அதன்பின்னரே, தொய்வுநோயால் வருந்தும் எம் மைந்தனுக்காக வளிதூய்தாக்கி ஒன்றை வாங்கினோம். இடம் அடையாதிருக்க அதனை அலுமாரிக்குப் பின்னே வைத்து, யன்னல்களையும் திறந்துவிட்டோம். இளைப்புத் தணியவில்லை. பிழை பொறியினதன்று, எம்முடையதே.

இக்கருவி தன்னூடு செல்லும் காற்றையே தூய்மையாக்கும். அதனுள்ளிருக்கும் ஹெப்பா வடி, 0.3 மைக்கிரோமீற்றர் அளவான நுண்டுகள்களில் 99.97 வீதத்தைத் தடுக்கவல்லது. ஆயினும் திறந்த யன்னல் வழியே புதுப்புகை புகுந்துகொண்டேயிருப்பின் அஃது என் செய்யும்? ஆதலின் வெளியே மாசு மிக்க வேளையிற் படுக்கையறையை அடைத்து, கருவியைச் சுவரினின்றும் ஒரு முழம் விலக்கி வைத்து, உறங்கப்போகுமுன்னரே உயர்வேகத்தில் இயக்குதல் வேண்டும். இரைச்சல் சிறிது மிகும், பொறுத்துக்கொள்க. அறை பெரிதாயின் சிறு கருவி பயன்படாது.

முன்வடியின் தூசியை அடிக்கடி அகற்றலாம். ஹெப்பா வடியை நீரிற் கழுவின் அதன் நார்கள் சிதையும். உரிய காலத்தில் மாற்றுவதே முறை. (யாம் ஒன்றைக் கழுவிக் கெடுத்தோம், அதன் விலையை இங்கு எழுத மனம் வரவில்லை.)

அதே அறையில் நுளம்புச்சுருளையும் எரிப்பதைப் பல வீடுகளிற் கண்டுள்ளோம். அதனினும் நுளம்புவலை நன்று. விறகடுப்பிலெழும் காபனோரொட்சைட்டு வாயுவையோ இவ்வடி தடுக்கமாட்டாது. சமையலறை யன்னலை மட்டும் எந்நாளும் திறந்தே வைத்தல் வேண்டும்.