கூட்டத்தில் நடக்கும் கதை

கேள்வி: வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி மினிஸ்ட்ரி ஃபார் த ஃபியூச்சர்' நாவலை என் மகன் கொடுத்து, "கட்டாயம் படிங்கம்மா" என்றான். உத்தரப் பிரதேசத்தில் அனல் தாங்காமல் ஊரே ஏரிக்குள் இறங்கி நிற்கிற முதல் அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அதோடு கதை நின்றுவிட்டது. பிறகெல்லாம் கூட்டம், தீர்மானம், மத்திய வங்கி, வட்டி. பணியில் இருந்தபோது வந்த சுற்றறிக்கைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நூறு பக்கத்தோடு மூடிவிட்டேன். இது நாவல்தானா? இவருடைய மற்ற புத்தகங்களும் இப்படித்தானா?
— ஒரு வாசகி, வேலூர்

பதில்: அன்புள்ள அம்மா, அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். முதல் தடவை நானும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிறுத்தினேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான், கதை நிற்கவில்லை, வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கிறது என்று புரிந்தது.

முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குகிறேன். வெயில் 45 டிகிரி என்று மட்டும் எழுதியிருந்தால் வேலூர்க்காரரான உங்களை அது அசைத்திருக்காது. ராபின்சன் பிடித்துக்கொண்டது ஈரக்குமிழ் வெப்பநிலையை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது காட்டும் அளவு அது. கோடையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், ஐப்பசி அடைமழையில் அதே பானை குளிராமல் கிடப்பதும் இந்தக் கணக்கால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையில் கசியும் நீர் ஆவியாகாது. நம் உடம்பும் அப்படிப்பட்ட பானைதான். ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் வியர்த்தும் பயனில்லை. நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார். நாவலில் ஏரித்தண்ணீரே உடம்புச் சூட்டைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் இறங்கியவர்களில் ஏறக்குறைய யாருமே பிழைக்கவில்லை. நாவல் வந்தது 2020இல். இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்துப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்குவது 31 டிகிரிக்கு அருகிலேயே என்று தெரிந்தது. ராபின்சன் மிகைப்படுத்தவில்லை. அவர் வைத்த கோடே சற்று உயரத்தில் இருந்தது.

அந்த அனலில் இரண்டு கோடி பேர் இறக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு கதை எங்கே போக முடியும்? வேறொருவர் எழுதியிருந்தால் உலகத்தைக் காப்பாற்ற ஒரு விஞ்ஞானி கிளம்பியிருப்பார். ராபின்சன் நம்மை ஜூரிக் நகரத்தில் ஒரு சின்ன அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறார். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ், இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்காகப் பேசவென்று அமைக்கப்பட்டது அது. அதன் தலைவி மேரி மர்ஃபி, அயர்லாந்துக்காரர். கையில் அதிகாரம் இல்லை, போதிய பணமும் இல்லை. ஒவ்வொரு கூட்டமாகப் போய், கதவு கதவாகத் தட்டி, மத்திய வங்கித் தலைவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. முதலில் மறுக்கிறார்கள். பெருந்துயரம் நடந்த பிறகு உலகம் அசைவது இப்படித்தான், அரை அங்குலம் அரை அங்குலமாக. அதை நாவலாக எழுதத் துணிந்தவர்கள் குறைவு.

நீங்கள் சலித்துக்கொண்ட இடத்தில்தான் இந்தப் புத்தகத்துக்கு உங்களைவிடப் பொருத்தமான வாசகர் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 'கார்பன் நாணயம்' வரும் பக்கங்களைக் கிளை மேலாளரின் கண்ணோடு படியுங்கள். கரியைக் காற்றில் சேரவிடாமல் தடுப்பவருக்கு டன் ஒன்றுக்கு ஒரு நாணயம். மண்ணில் கார்பனைச் சேர்க்கும் சிறு விவசாயிக்கும் உண்டு, எண்ணெயைத் தோண்டாமல் பூமிக்கடியிலேயே விட்டுவைக்கும் நாட்டுக்கும் உண்டு. அதன் அடிவிலைக்கு மத்திய வங்கிகள் உத்தரவாதம் தருகின்றன. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த விலை காலம் போகப்போக ஏறும் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். டெல்டன் சென் என்பவர் உண்மையிலேயே முன்வைத்த யோசனை இது. நடக்குமா, எங்கே ஓட்டை விழும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்விகளை வாசகர் கேட்கட்டும் என்றே ராபின்சன் அப்படி எழுதுகிறார்.

மனிதர்களும் இருக்கிறார்கள், அவசரப்படாதீர்கள். அனலில் பிழைத்த ஃபிராங்க் மே ஓரிரவு மேரியின் வீட்டுக்குள் புகுந்து, நீங்கள் செய்வது போதாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அந்த ஒரே இரவில் முளைத்த உறவு கடைசிவரை போகிறது. நட்பென்றும் சொல்ல முடியாது, பகையென்றும் சொல்ல முடியாது. எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நாவலின் உயிர். 106 அத்தியாயங்களில் பல இரண்டு மூன்று பக்கமே. ஒன்றில் சந்தை பேசும், இன்னொன்றில் கார்பன் அணு பேசும். நாளைக்கு நாலைந்து என்று படித்தால் சலிக்காது.

குறையும் உண்டு. இத்தனை இந்தியர்கள் மடியும் அத்தியாயத்தை நாம் பார்ப்பது ஃபிராங்க் என்னும் அந்த அமெரிக்க இளைஞனின் கண்வழியே. ஏரிக்குள் நின்ற ஒரு பாட்டியின், ஒரு மருந்துக்கடைக்காரரின் மனத்துக்குள் அவர் போயிருக்கலாம். போகவில்லை. எரிமலைப் புகையைப்போல வானில் கந்தகத்தூள் தூவி இந்தியா தானே வெயிலைத் தணிக்கத் துணிவதை எழுதியவருக்கு அந்த ஏரிக்கரை மனிதர்கள் அகப்படாமல் போனது எனக்கு வருத்தமே.

ராபின்சன் 1952இல் இலினாய் மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தது ஃபிலிப் கே. டிக்கின் நாவல்களை. புகழ் தந்தது செவ்வாய் முந்நூல்: 'ரெட் மார்ஸ்', 'கிரீன் மார்ஸ்', 'புளூ மார்ஸ்', 1992 முதல் 1996 வரை. முதல் நூறு பேர் செவ்வாய்க்குக் குடிபோகிறார்கள். அங்கேயும் சண்டை துப்பாக்கியில் தொடங்குவதில்லை, வாதத்தில்தான் தொடங்குகிறது. இந்தக் கல்லையும் மண்ணையும் உள்ளபடியே விடு என்கிறார் நிலவியலாளர் ஆன். காற்றையும் நீரையும் உண்டாக்கிப் பச்சையாக்கு என்கிறார் சாக்ஸ். இரண்டாயிரம் பக்கத்துக்கு அருகில் போகும் அந்த வாதத்தில் நான் பலமுறை கட்சி மாறினேன்.

அப்படிச் செவ்வாயைப் பச்சையாக்கியவரே 2015இல் 'அரோரா' எழுதினார். பன்னிரண்டு ஒளியாண்டு தூரத்திலிருக்கும் டௌ செட்டி விண்மீனை நோக்கித் தலைமுறை தலைமுறையாகப் போகும் கப்பல். மூடிய உலகத்துக்குள் பாஸ்பரஸ் எங்கேயோ ஒட்டிக்கொண்டு மண்ணுக்குத் திரும்ப மறுக்கிறது, பயிர் சோர்கிறது. கதையைச் சொல்வது கப்பலின் கணினி. எப்படிக் கதை சொல்வது, உவமை எதற்கு என்று அது தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ளும் பக்கங்களில் எனக்குக் கண் கலங்கியது. போன இடத்தில் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன்.

'மினிஸ்ட்ரி'யை முடித்ததும் 'அரோரா'வுக்குப் போங்கள். செவ்வாய் நூல்கள் ஒரு கோடை முழுவதையும் கேட்கும், அவசரமில்லை. இரண்டுக்கும் நடுவில், 2002இல் வந்த 'தி இயர்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் சால்ட்' படிக்கலாம். பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய் ஐரோப்பாவில் கிட்டத்தட்ட எல்லோரையும் கொன்றிருந்தால், பிறகு வந்த ஏழு நூற்றாண்டு எப்படி இருந்திருக்கும் என்பது கதை. சீனாவும் இஸ்லாமிய உலகமும் இந்தியாவும் வரலாற்றை நடத்துகின்றன. திருவிதாங்கூருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதே சில உயிர்கள் பிறவி தோறும் ஒன்றை ஒன்று தேடி வந்து சேர்கின்றன. பெயரின் முதல் எழுத்து மட்டும் மாறாது. அதைப் பிடித்துக்கொண்டால் போன பிறவியில் யார் யாராக இருந்தார்கள் என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.