நரம்பு, தசை மின்சோதனை: நோயாளி அறிய வேண்டுவன

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன் எழுதியது)

முன்னுரை

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு ஆகிய பகுதிகளில் வெள்ளிக் கொலுசுத் தொழில் வீட்டுக்கு வீடு நடைபெறுவதை நண்பர்கள் அறிவார்கள். என் தாயாரும் இருபது ஆண்டுகளாகக் குறடு பிடித்து வளையம் கோர்ப்பவர். அவருக்கு இரவில் வலக்கையின் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப் போகும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் மறுபடி தூக்கம் வரும். மருத்துவர் பார்த்துவிட்டு, நரம்புச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

‘கரண்டு வெச்சுப் பார்ப்பாங்களாம்’ என்று அண்டை வீட்டார் சொன்னதும், திரைப்படங்களில் தலைக்கு மின்சாரம் கொடுக்கும் காட்சிதான் அம்மாவின் நினைவுக்கு வந்தது. சோதனை அறையிலும் எவரும் விளக்கவில்லை. முதல் அதிர்வு பட்டவுடன் கையை இழுத்துக்கொண்டு, “வேண்டாங்கண்ணு, ஊட்டுக்குப் போலாம்” என்றார். நானும் மறுபேச்சின்றி அழைத்து வந்துவிட்டேன். ஐந்து மாதங்கள் கழித்துப் பார்த்தபோது பெருவிரலின் அடிச்சதை குழி விழுந்திருந்தது. மின்சாரவியலைப் பாடமாகப் படிக்கும் நான் அன்று நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் வீணாகியிரா. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வேகத்தை அளந்த வரலாறு

நரம்பில் ஓடும் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோகான்னஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் அதை அளந்தே காட்டினார். தவளையின் கால் நரம்பை இரண்டு இடங்களில் தூண்டி, தசை துடிக்க எடுத்த நேரங்களின் வேறுபாட்டைக் கண்டார். வேகம் விநாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று வந்தது. இன்று மருத்துவமனையில் நடப்பதும் அடிப்படையில் அதே கணக்குத்தான்.

சோதனைக்குச் செல்லுமுன்

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. குளித்துச் செல்லலாம், ஆனால் கைகால்களில் எண்ணெய், களிம்பு எதுவும் தடவக்கூடாது. வளையல், மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்போரும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போரும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகமும் குறையும். ஒரு பாகை வெப்பம் தணிந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறைவதுண்டு. ஆகவே சில்லிட்ட கையை முதலில் சூடேற்றுவார்கள். சோதனை முழுதும் முடிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

முதற்பகுதி: நரம்புக் கடத்தல்

தோலின் மேல் சிறு வில்லைகளை ஒட்டுவார்கள். பின்பு நரம்பு ஓடும் வழியில் ஒரு கருவியை வைத்து மின்தூண்டல் கொடுப்பார்கள். ஒவ்வொரு தூண்டலும் நீடிப்பது விநாடியில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று பாய்கிறதே, ஏறக்குறைய அதுபோல இருக்கும். விரல் தானாகவே துள்ளும். தூண்டலைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதால் கடைசியில் வருவது சற்று அதிகமாகவே உறைக்கும். தூண்டல் நின்றதும் அதுவும் நின்றுவிடும். தலைக்கு மின்சாரம் கொடுக்கும் மருத்துவத்திற்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கட்டில் தூண்டினால் பெருவிரல் தசை 3.5 மில்லி விநாடியில் விடை தருகிறது. முழங்கை மடிப்பில் தூண்டினால் 7.5 மில்லி விநாடியில். இரண்டுக்கும் இடையே தூரம் 22 செ.மீ., நேரம் 4 மில்லி விநாடி. ஆகவே வேகம் விநாடிக்கு 55 மீட்டர். பெரியவர்களின் கையில் 50-க்கு மேலும் காலில் 40-க்கு மேலும் இருப்பது பொதுவாக இயல்பு. ஓரிடத்தில் மட்டும் தூண்டிக் கணக்கிட்டால் என்ன என்று கேட்கலாம். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கைமாறவும் சிறிது நேரம் பிடிக்கிறது. இரண்டு இடங்களில் தூண்டிக் கழித்தால் அந்த நேரம் நீங்கிவிடும்.

இரண்டாம் பகுதி: தசையில் ஊசி

இது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. 1929-இல் ஏட்ரியன், பிராங்க் என்ற இருவர் அமைத்த ஊசிமுனையின் வழிவந்தது இக்கருவி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்துவார்கள். இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். ஊசி வழியே மின்சாரம் பாய்ச்சுவதில்லை, மருந்தும் ஏற்றுவதில்லை. தசை தானே உண்டாக்கும் மின்சாரத்தை ஊசி கேட்கிறது, அவ்வளவே. அது ஒலிபெருக்கியில் ஓசையாகவும் திரையில் கோடாகவும் வரும். நலமான தசை ஓய்ந்திருக்கும்போது ஓசையின்றி இருக்கும். நரம்பின் தொடர்பை இழந்த தசையோ ஓய்விலும் தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல் ‘டக் டக்’ என்னும். எனவே நோயாளி தசையைத் தளர்த்தி வைப்பது மிக அவசியம். அச்சத்தில் முறுக்கிக்கொண்டால் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஊசி குத்திய இடத்தில் ஓரிரு நாள் வலியோ கன்றலோ இருக்கக்கூடும்.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

நரம்பு எங்கே நசுங்குகிறது, எவ்வளவு கெட்டிருக்கிறது, பழுது நரம்பிலா தசையிலா என்பவற்றை இச்சோதனை காட்டும். ஆனால் வலியையும் சூட்டையும் உணர்த்தும் மெல்லிய நரம்பு இழைகளை இது அளப்பதில்லை. ஆதலால் கால் எரிச்சலுள்ள சர்க்கரை நோயாளிக்கு முடிவு சரியாக வந்தாலும் நோயில்லை என்று கொள்ளலாகாது. புதிதாக அடிபட்ட நரம்பின் கேடு ஊசிச் சோதனையில் தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம்.

முடிவுரை

இரண்டாம் முறை சென்றபோது சோதனை செய்த சகோதரி, “அம்மா, இப்போ சுண்டும். மூணு தடவைதான், எண்ணிக்குங்க” என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்தார். அம்மா வாய்விட்டு எண்ணினார். முன்கையில் வேகம் குறையவில்லை. மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில்தான் தாமதம். ஊசி வைத்தபோது அந்த மழைத்துளி ஓசையை நானும் கேட்டேன். அறுவை சிகிச்சையில் மணிக்கட்டின் இறுகிய நாரை அறுத்துவிட்டார்கள். இப்போது அம்மா இரவில் நன்றாகத் தூங்குகிறார். குழி விழுந்த சதை மட்டும் இன்னும் முழுதாக நிரம்பவில்லை.

தேர்வுத் தாளில் பக்கம் பக்கமாக எழுதும் நமக்கு, வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்கும்படி நான்கு வார்த்தை சொல்லத் தெரிய வேண்டும். நம் ஊர்களில் கொலுசுப் பட்டறையிலும், தறியிலும், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலும் கையை நம்பிப் பிழைப்போர் ஏராளம். அவர்களில் ஒருவர் இச்சோதனைக்குப் புறப்பட்டால், நண்பர்களே, உடன் சென்று சொல்லுங்கள்: ‘சுண்டும், உடனே நின்றுவிடும். ஊசியில் கரண்டு கிடையாது.’