மின்னால் நீரைத் தெளிவித்தல்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது. கண்ணுக்குக் கலங்கல் தெரியாமலும் மூக்குக்கு நாற்றம் எட்டாமலும் இருக்கும் நீரில், குரோமியம், ஈயம், நிக்கல் போன்ற கன உலோகங்கள் கரைந்திருக்கக் கூடும். அவற்றைப் பிரிக்கும் வழிகளுள் ஒன்று மின்திரட்டல். அது நிகழும் முறையையும் அதன் எல்லையையும் இங்குக் காண்போம்.

திரட்டல் நமக்குப் புதியதன்று. பாலாற்றங்கரையிலிருந்து பிழைப்பு நாடி, நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூருக்கு எங்கள் குடும்பம் வந்த பிறகும், மழைக்காலக் கிணற்று நீரை என் பாட்டி தேற்றாங்கொட்டையால்தான் தெளிய வைப்பார். நீரிலுள்ள நுண்ணிய மண்துகள்கள் எதிர்மின் ஏற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. பானையின் உட்புறத்தில் உரைத்த கொட்டையின் சாறு அவற்றைத் திரளச் செய்கிறது. திரண்டவை அடியில் படிகின்றன. படிகாரத்தின் வேலையும் இதுவே. ஆனால் கரைந்த உலோகம் மண்துகள் அன்று. அதை முதலில் கரையாப் பொருளாக மாற்றியாக வேண்டும்.

செயல்முறை

கழிவுநீரில் இரண்டு இரும்புத் தகடுகளை நிறுத்தி, ஒருதிசை மின்னோட்டம் செலுத்துகிறோம். நேர்மின்வாயில் இரும்பு கரைந்து அயனியாகிறது. எதிர்மின்வாயில் நீர் சிதைந்து ஹைட்ரஜன் குமிழிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் தோன்றுகின்றன. நிக்கல், செம்பு, துத்தநாகம் ஆகியவை ஹைட்ராக்சைடுகளாகி, இரும்பு ஹைட்ராக்சைடுத் திரள்களுடன் சேர்ந்து படிகின்றன. சில திரள்களைக் குமிழிகள் மேலே ஏற்றிவிடுகின்றன.

குரோமியத்துக்கு ஒரு படி கூடுதல். முலாம் பூசும் பட்டறைகளிலும் குரோமேட்டு ஆலைகளிலும் வருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. கரைந்து வரும் இரும்பு அதை மூன்று இணைதிறன் நிலைக்குக் குறைக்கிறது. கரைசலின் மஞ்சள் நிறம் மறைகிறது. குரோமியம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது.

இலண்டன் மாநகரின் சாக்கடை நீரை இவ்வாறு இரும்புத் தகடுகளால் தெளிவிக்கும் முயற்சி 1880களிலேயே நடந்தது. நம் நாட்டில், 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன.

ஒரு கணக்கு

1000 லிட்டர் கழிவுநீரில் 50 கிராம் ஆறு இணைதிறன் குரோமியம் இருப்பதாகக் கொள்வோம். ஒரு குரோமிய அணுவுக்கு மூன்று இரும்பு அணுக்கள் வேண்டும். ஆகவே தேவைப்படும் இரும்பு 161 கிராம். 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரத்தில் 1.04 கிராம் இரும்பைக் கரைக்கும். எனவே 100 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் செலுத்தினால் போதும். இது பாரடே விதி தரும் குறைந்த அளவு. நடைமுறையில் கூடுதலாகவே வேண்டும். தகட்டின்மேல் ஆக்சைடுப் படலம் படர்ந்து வேலையைத் தடுக்கும். மின்னோட்டத்தின் திசையை அவ்வப்போது மாற்றி அதைச் சமாளிக்கலாம்.

எஞ்சும் சேறு

இனி, பலரும் போடாத கணக்கு ஒன்று. நீரிலிருந்த குரோமியம் 50 கிராம். படிந்த ஹைட்ராக்சைடுகளோ, உலர்ந்த நிலையிலேயே ஏறத்தாழ 400 கிராம்! மின்சாரம் நஞ்சை அழிக்கவில்லை, இடம் மாற்றியது.

இடம் மாறிய நஞ்சைக் கவனியாது விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இராணிப்பேட்டை சான்று. அங்கிருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது திறந்த வெளியில் விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை இலட்சம் டன் அளவினது. மழைநீர் அதில் ஊறி இறங்க, நிலத்தடி நீர் கெட்டது. அதே பாலாற்றுப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே மின்திரட்டல் நிலையம் அமைப்போர், சேற்றை நீர் புகாத காப்பிடத்தில் சேர்க்கும் வழியையும் முன்பே வகுத்தல் வேண்டும். உலோகத்தை மீட்க முடிந்த இடத்தில் மீட்பதே சிறந்தது. தோல் பதனிடும் நீரிலுள்ள குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் பிரித்து, மறுபடியும் பதனிடப் பயன்படுத்தலாம். இரும்போடு கலந்துவிட்ட குரோமியத்தை மீட்பது கடினம்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை தொழிற்சாலைகளிலும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களிலும் பணியாற்றப் போகிறோம். ஆலைக்காரர் தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திக் காட்டும்போது, பாராட்டுங்கள். உடனே, சேறு எங்கே என்றும் கேளுங்கள்.