மலையும் நிர்வாகப் பட்டமும்

ஜவ்வாது மலையைப் படத்தில் தேடும் மாணவர் முதலிற் காண்பது மலையை அன்று. மலையின்மீது வரையப்பட்ட எல்லைக்கோடுகளையே. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட 11 ஊராட்சிகள் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்தவை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. அமிர்தி பக்கத்துச் சரிவு வேலூருக்கு உரியது. இரு பக்கத்திலும் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே. (மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வந்த பெயர் இது, கேரளத்தோடு இதற்குத் தொடர்பில்லை.) ஒரே மழைக்குச் சாமை விதைக்கிறார்கள். பெண் கொடுத்தலும் கொள்ளலும் கோட்டைக் கடந்தே நடைபெறுகின்றன.

ஆயினும் ஊராட்சித் தேர்தல் திருவண்ணாமலைப் பக்கத்தில் 2019 டிசம்பரிலும், திருப்பத்தூர்ப் பக்கத்தில் 2021 அக்டோபரிலும் நடைபெற்றது. திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பரில்தான் அமைந்தது. புதிய மாவட்டங்களில் வார்டு எல்லைகளை வரையறுத்த பின்னரே தேர்தல் நடத்த வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்ல நாம் முற்படவில்லை. மக்கள் வாழும் வட்டமும் அரசு இயங்கும் வட்டமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை, அவை ஒன்றாக இல்லாதபோது வேலையை எப்படி நடத்துவது என்பதே பொது நிர்வாகம் என்னும் கல்வித்துறையின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. பட்டம் பெற்று ஊர் திரும்பியுள்ள மலை இளைஞர்களுக்கும், அவர்களுக்கு வழி சொல்லும் ஆசிரியர்களுக்கும், ஒன்றிய ஊழியர்களுக்கும் இத்துறையின் மேற்படிப்பைப் பற்றிச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நிர்வாகத்தைத் தனி இயலாகக் கற்க வேண்டும் என்னும் கருத்தை 1887ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாயிலாக அமெரிக்காவில் எழுப்பியவர் உட்ரோ வில்சன். பிற்காலத்தில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அங்குச் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் கல்லூரி 1924இல் தோன்றியது. நம் நாடும் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1937ஆம் ஆண்டிலேயே இத்துறையில் டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது. நாகபுரிப் பல்கலைக்கழகம் 1949இல் பொது நிர்வாகத்துக்கும் ஸ்தல சுயாட்சிக்கும் எனத் தனித்துறையே அமைத்தது. பால் ஆப்பிள்பி என்னும் அமெரிக்க அறிஞரின் அறிக்கையை ஒட்டி 1954இல் டில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் நிறுவப்பட்டது.

அக்காலம் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். காந்திகிராமத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டதும், 1958இல் சென்னை ஊராட்சிச் சட்டம் நிறைவேறியதும் அதே அலையில்தான். ஆகவே நம் நாட்டில் இக்கல்வி நகரத்துக் கச்சேரிகளுக்காக மட்டும் வளர்ந்ததன்று. இடையிலே எப்படியோ அது போட்டித் தேர்வுக்குரிய பாடமாகச் சுருங்கிவிட்டது. 1987இல் குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களுள் அது சேர்ந்தபின் குறிப்பேடுகள் பெருகின. கள ஆய்வுகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை என்பது நம் எண்ணம்.

எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் பொதுவாகப் பொது நிர்வாக எம்.ஏ. வகுப்பிற் சேரலாம், இரண்டாண்டுப் படிப்பு. நிர்வாகக் கோட்பாடு, அரசியலமைப்பு, நிதி நிர்வாகம், பணியாளர் நிர்வாகம், உள்ளாட்சி, ஆராய்ச்சி முறை ஆகியவை முக்கிய பாடங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நேரிற் பயிலலாம். மலையை விட்டு நீங்க இயலாதவர்க்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் படிப்பு உண்டு. காந்திகிராமத்தில் அரசியலும் வளர்ச்சி நிர்வாகமும் ஒரே துறையில் கற்பிக்கப்படுகின்றன. கிராமப் பணியில் நாட்டமுள்ளவர் அதை முதலில் விசாரிப்பது நலம். நகரமைப்பையும் ஊரமைப்பையும் பற்றிய மேற்படிப்பு அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ளது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு மாநிலக் கல்வி நிலையங்களில் நூற்றுக்கு 1, மத்திய அரசின் நிலையங்களில் 7.5 என்பதை விண்ணப்பிக்கும்போது மறத்தலாகாது. சாதிச் சான்றிதழைக் கடைசி வாரத்திற்கு ஒத்திப்போடுவதும் ஆகாது. மதிப்பெண் இருந்தும் இந்த ஒரு காகிதத்தால் ஆண்டை இழக்க நேரும்.

இப்படிப்பால் மலைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குக்கிராமத்துக்குப் பாதை வேண்டும். தூரம் 3 கிலோமீட்டர். இடையில் உள்ளது காப்புக்காடு. ஒன்றியத்தில் பணம் இருக்கிறது, மக்களுக்கும் விருப்பம். ஆனால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி வனநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும். கோப்பு அங்கே நின்றுவிடுகிறது. கர்ப்பிணியைத் தூளி கட்டித் தூக்கி வரும் அவலம் இப்படிப்பட்ட பாதைகளில்தான் நேர்கிறது.

இனி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 3ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர், சாலை முதலிய 13 வகை வசதிகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். நம் பாதையை 3 மீட்டர் அகலத்தில் போட்டால் நிலம் 9,000 சதுர மீட்டர், அதாவது 0.9 ஹெக்டேர். வரம்புக்குள் அடங்குகிறது, மரங்கள் 67 வரை வெட்டலாம். அகலத்தை 4 மீட்டராக்கினால் 1.2 ஹெக்டேர் ஆகிவிடும். விலக்கு போயிற்று, கோப்பு மீண்டும் நெடும்பயணம் புறப்பட்டுவிடும். ஒரு மீட்டர் அகலத்தில் ஓர் ஊரின் பல ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. மதிப்பீடு தயாரிக்கும் மேசையில் இதை அறிந்த ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்பதே கேள்வி.

கிராம சபையும் கவனத்திற்கு உரியது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி வன உரிமைக்கான கிராம சபையில் உறுப்பினருள் பாதிப்பேராவது கூடவேண்டும். வந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்கவேண்டும். குடியிருப்புகள் மலையெங்கும் சிதறிக் கிடக்கும் ஓர் ஊராட்சியில், எந்த நாளில், எந்த ஊரில் கூட்டினால் அத்தனைபேர் வருவர்? சாமை அறுப்பு நடக்கும் வாரத்திற் கூட்டி, ஆள் வரவில்லை என்று எழுதிவைப்பது எளிது. அறுப்பு எப்போது என்பதை அறிந்து நாள் குறிப்பதும் நிர்வாகமே. அதை எந்தப் பாடநூலிலும் நாம் கண்டதில்லை.

இன்னொரு செய்தியையும் இங்குக் கூறவேண்டும். அட்டவணைப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவுச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இல்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இங்கு இல்லாமையே காரணம். வடநாட்டு நூல்களைப் படித்துவிட்டு அச்சட்டத்தின் பெயரால் மனுவெழுதும் ஆர்வலர் ஏமாற்றம் அடைவர்.

நகரக் கொள்கையைப் படிப்பவர்க்கும் இம்மலையில் வேலையுண்டு. செய்யாறும் கமண்டல நாகநதியும் இங்கேதான் பிறக்கின்றன. செங்கத்தை அடுத்த குப்பநத்தம் அணையிலும், படவேட்டை அடுத்த செண்பகத்தோப்பு அணையிலும் தேங்குவது இம்மலை நீர். கீழே ஆரணி முதலிய ஊர்கள் வளர வளர மேலேயுள்ள காட்டின் தேவையும் வளர்கிறது. நகரத் திட்டத்தில் இம்மலைக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கப்படவேண்டாமா?

நீர் மட்டுமன்று, ஆட்களும் இறங்குகிறார்கள். மலையில் மானாவாரிச் சாமை ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர் சுடப்பட்டு இறந்தனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். செம்மரம் வெட்டும் கூலிக்கு ஓர் இளைஞன் ஏன் மலையிறங்கிப் போகிறான் என்பதற்கு விடை காவல்துறைக் கோப்பில் மட்டும் கிடைக்காது. நில உரிமை, கடன், பருவ வேலை, விளைபொருள் விலை எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தருவதாகத்தான் இம்மேற்படிப்புகள் சொல்லிக்கொள்கின்றன.

எனவே இப்படிப்பிற் சேரும் மலை இளைஞர் ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. தம் ஊராட்சியின் கடந்த ஐந்தாண்டுக் கிராம சபைத் தீர்மானங்களை வரிசையாக எடுத்து, எவை நிறைவேறின, எவை எந்த மேசையில் எத்தனை மாதம் நின்றன என்று எழுதினாலே போதும். அருகில் ஆரணியை அடுத்த எஸ்.வி.நகரத்தில் மண்டல ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் பயிற்சிக்கு வருமிடம் அது. ஆய்வேட்டின் ஒரு படியை அங்கே கொடுத்துவைத்தால், அடுத்த அணிக்கு வகுப்பெடுப்பவர் அதை எடுத்துப் படிப்பார்.