நகம் வெட்டும் தொழிலிலும் சுத்தம் வேண்டும்

ஹட்டனிலும் கொழும்பிலும் அழகு நிலையங்களில் வேலை பழகும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம்.

நகவெட்டி தோலில் பட்டால், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் அதில் ஒட்டியிருக்கும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாட்களுக்குக் குறையாமல் உயிரோடிருக்கும். ஆகவே துணியால் துடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்குப் பின்பும் இரும்புச் சாமான்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் 20 நிமிடம் அவியுங்கள். அட்டை அரத்தை ஒருவருக்கு மட்டுமே பாவியுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, மெழுகுவர்த்தி பக்கத்தில் வேண்டாம்.

இலங்கையில் குழந்தைகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இந்த 20 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீங்க. வந்தவரையும் உங்களையும் காப்பது அதுதான்.