ஹைகேம் போட்டால் கார் ஏன் நடுங்குகிறது?

இயந்திரவியல் படிக்கிறேன் என்று தெரிந்ததும் விடுதி நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “டேய், என் காருக்கு ஹைகேம் போடலாமாடா?” இதில் பணம் மட்டுமல்ல, பிரேக்கும் சம்பந்தப்பட்டிருப்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட தண்டு. (நெம்புருள் தண்டு என்று நல்ல கலைச்சொல் உண்டு, பட்டறையில் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.) கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் இது ஒரு முறை சுற்றும். வால்வு எப்போது, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்கும் என்பதை அந்த மேடுகளின் வடிவமே தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கிராங்க்ஷாஃப்ட் 240 பாகை சுற்றும்வரை உள்ளிழு வால்வு திறந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். நிமிடத்திற்கு 800 சுற்று ஓடும் ஐட்லிங்கில் அது 50 மில்லி வினாடி. 6000 சுற்றிலோ 7 மில்லி வினாடிகூட இல்லை! அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டும். ஆகவே ஹைகேம் வால்வை முன்னதாகத் திறந்து, தாமதமாக மூடுகிறது. காற்றுக்கும் எடை உண்டல்லவா? வேகமாக வரும் காற்று, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். உயர் வேகத்தில் கிடைக்கும் கூடுதல் சக்தி இதுதான்.

ஐட்லிங்கில் கதை வேறு. காற்றுக்கு அந்த வேகம் இல்லை. பிஸ்டன் மேலேறும்போது இழுத்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். அதோடு, உள்ளிழு வால்வும் வெளியேற்று வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் நீள்கிறது. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளிழு குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. வெளியேற வேண்டிய புகை அந்தப் பக்கம் இழுக்கப்பட்டுப் புதுக் கலவையோடு கலக்கிறது. சில சுற்றுகளில் நெருப்பு சரியாகப் பற்றாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்கும் அந்தத் ‘தடக் தடக்’ இதனால்தான். பிரேக் பூஸ்டர் நம்பியிருப்பதும் அதே குழாயின் குறைந்த அழுத்தத்தைத்தான். ஹைகேமால் அந்த வெற்றிடம் பலவீனமானால் பிரேக் மிதி கல்லாகும்.

ஒரே தண்டில் இருவகை மேடுகளை வைத்து ஹோண்டா 1989இல் விடெக்கைக் கொண்டுவந்தது, 1.6 லிட்டரில் 160 குதிரைத் திறன். நம் புரோட்டோனின் 1.6 லிட்டர் கேம்ப்ரோ, 2008இல் சிபிஎஸ் முறையால் 110இலிருந்து 125க்கு உயர்ந்தது. இரண்டிலும் ஐட்லிங் கெடவில்லை.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் 2000 சுற்றில் ஊரும் நண்பனுக்கு என் பதில்: வேண்டாம்டா. பந்தயத் திடலுக்குத்தான் என்றால் போடு. ஆனால் வால்வு ஸ்பிரிங்குக்கும் ஈசியூவைச் சீரமைக்கவும் சேர்த்தே பணம் எடுத்து வை.